பழைய கணினிக்கு நாள் குறிப்பது யார்?

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு. இனிமே இந்த சிஸ்டம் வேஸ்ட். புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

2025 அக்டோபர் 14க்குப் பிறகு இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் நம்மில் யாராவது இருக்கிறீர்களா? சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார். எல்லாம் தெரிந்த சித்தப்பா மகன் சொல்கிறார். போதாக்குறைக்குக் கணினியே திரை முழுக்க ஒரு அறிவிப்பைப் போட்டு, "எனக்கு வயசாயிடுச்சு, என்னை மாத்திடு" என்கிற தொனியில் புலம்புகிறது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கோஷ்டி உண்டு. "அதெல்லாம் சும்மா பயமுறுத்துறாங்கடா. எக்ஸ்பியையே எத்தனை வருஷம் ஓட்டினோம்? ஒண்ணும் ஆகாது, விடு."

இந்த இரண்டு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை. முதல் கோஷ்டி அப்பா அம்மாவின் நாற்பதாயிரம் ரூபாயைத் தேவையில்லாமல் செலவழிக்கச் சொல்கிறது. இரண்டாவது கோஷ்டி பூட்டு இல்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டுத் தூங்கச் சொல்கிறது. என் கட்சி வேறு. கணினி பழசா இல்லையா என்பதை அதன் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டும், நிறுவனத்தின் நாள்காட்டி அல்ல. ஆனால் அந்த உரிமை வேண்டுமென்றால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கும் வேலையையும் நாமேதான் செய்ய வேண்டும். சும்மா இருப்பதற்குப் பெயர் முடிவு அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உண்மையில் என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. பத்து வருடம் கழித்து, 2025 அக்டோபர் 14 அன்று, மைக்ரோசாஃப்ட் அதற்கான இலவச ஆதரவை நிறுத்தியது. நின்றது கணினி அல்ல. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். மறுநாள் காலையும் அதே கணினி அதே வேகத்தில் பூட் ஆனது, அதே வேர்ட் கோப்பு திறந்தது.

எல்லாமே அன்றைக்கு நின்றுவிடவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்கும், கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸின் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10இல் புதுப்பிப்பு தருவதாக அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. உலாவிகளும் உடனே கைவிடுவதில்லை. விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரியில். குரோம் அதைக் கைவிட்டது 2023இல்தான். ஆக "செத்துப்போச்சு" என்பது மிகை. "மருந்து நின்றுவிட்டது" என்பதுதான் சரி.

தகுதிப் பட்டியல் என்னும் கூத்து

விண்டோஸ் 11 இலவசம்தானே, அதற்கு மாறிவிடலாமே என்றால், அங்கேதான் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். 2021 அக்டோபர் 5இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது: 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இதுவரை சரி. கூடவே ப்ராசஸர்களின் பட்டியல் ஒன்று. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. அதற்கு முந்தையது என்றால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, வெளியே நில்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2017 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ7-7700கே, அன்றைக்கு வீட்டுக் கணினிகளில் ராஜா. அது பட்டியலில் இல்லை. அதே 2017இன் கடைசியில் வந்த செலரான் என்4000, மலிவு விலை லேப்டாப்பில் போடும் இரண்டு கோர் சில்லு, பட்டியலில் இருக்கிறது! இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் எது திணறும் என்று கம்ப்யூட்டர் லேபில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கே தெரியும். திணறுவது உள்ளே, பறப்பது வெளியே. இதென்னங்க நியாயம்?

"அது வேகத்துக்காக இல்லை, பாதுகாப்புக்காக" என்று பதில் வரும். சரி, டிபிஎம் 2.0ஐயே எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலை முதல் புதிதாக வரும் விண்டோஸ் 10 கணினிகளில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று விதி போட்டதே மைக்ரோசாஃப்ட்தான். அந்த விதிப்படி சில்லோடு வந்த 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்புகள் ஏராளம். டிபிஎம் இருக்கிறது, செக்யூர் பூட் இருக்கிறது, ராம் இருக்கிறது. இருந்தும் ப்ராசஸர் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஆகஸ்டில் 7ஆம் தலைமுறையிலிருந்து சிலவற்றை மட்டும் உள்ளே சேர்த்தார்கள். அதில் ஒன்று கோர் ஐ7-7820எச்க்யூ. அந்தச் சில்லு எதில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து 2018இல் வெளியிட்ட சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல். புது மாதிரி டிரைவர்களோடு வந்த இயந்திரங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை என்று காரணம் சொன்னார்கள். சொந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பாஸ் மார்க் போடுவது என்பது இதுதான்.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. தகுதியில்லாத கணினிகளில் சோதித்தபோது சிஸ்டம் நொறுங்குவது 52 சதவீதம் அதிகமாக இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. புதிய சில்லுகளில் சில பாதுகாப்பு வசதிகள் வேகம் குறையாமல் ஓடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் இது எச்சரிக்கை கொடுப்பதற்கான காரணம். கதவை மூடுவதற்கான காரணம் அல்ல. "உங்கள் கணினியில் கொஞ்சம் தடங்கல் வரலாம், சம்மதமா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்கவில்லை.

இது முதல் தடவை இல்லை

கொஞ்சம் பின்னால் போனால் ஒரு பழக்கம் தெரியும்.

2006இல், விஸ்டா வருவதற்கு முன்னால், கடையில் இருந்த கணினிகளில் "விஸ்டா கேப்பபிள்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவற்றில் பலவற்றால் விஸ்டாவின் மிக எளிய பதிப்பை மட்டுமே ஓட்ட முடிந்தது. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி மாதிரியான திரை வரவே இல்லை. 2007இல் அமெரிக்காவில் வழக்கானது. வழக்கில் வெளிவந்த உள் மின்னஞ்சல்களில் ஒன்றில், இன்டெல்லின் காலாண்டு வருமானத்துக்கு உதவத்தான் தகுதியைத் தளர்த்தினோம் என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே எழுதியிருந்தார். 2009இல் அது கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்து பிசுபிசுத்துப் போனது வேறு கதை.

அடுத்து 2015-16. விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10 இலவசம். வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. 2016 மே மாதம், அறிவிப்புப் பெட்டியின் மூலையிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி, தன் அலுவலகக் கணினி கேட்காமலே விண்டோஸ் 10க்கு மாறி முடங்கிவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2006இல் முடியாத கணினியை முடியும் என்றார்கள். 2016இல் வேண்டாம் என்றவர் கணினியில் திணித்தார்கள். 2021இல் முடியும், வேண்டும் என்றவருக்குக் கிடையாது என்றார்கள். மூன்று தடவையும் கேள்வி "இந்தக் கணினிக்கு எது நல்லது?" என்பதாக இல்லை. அந்த வருடம் கம்பெனிக்கு எது வசதி என்பதாகவே இருந்தது. அப்படிப்பட்டவர்கள் குறித்துக் கொடுக்கும் நாளை நாம் ஏன் ஜாதகம் மாதிரி நம்ப வேண்டும்?

"ஒண்ணும் ஆகாது" கட்சிக்கு ஒரு வார்த்தை

இதுவரை படித்துக் கைதட்டிய இரண்டாவது கோஷ்டி நண்பர்களே, இப்போது உங்கள் முறை.

2017 மே 12இல் வானாக்ரை வந்தது நினைவிருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த நச்சு நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் கணக்கில், பாதிக்கப்பட்ட கணினிகளில் 98 சதவீதத்துக்கு மேல் விண்டோஸ் 7. எக்ஸ்பி அல்ல! அன்றைக்கு ஆதரவில் இருந்த, திருத்தம் கிடைத்த இயங்குதளம் அது. பழசாக இருந்தது தப்பில்லை, திருத்தாமல் இருந்ததுதான் தப்பு.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு. விண்டோஸ் 11க்கு ஒரு திருத்தம் வெளியானால், அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 10இல் திறந்தே கிடக்கும். ஆக ஒவ்வொரு மாதமும் திருடனுக்கு இலவசமாக ஒரு வரைபடம் கிடைக்கிறது.

"என்கிட்ட என்ன இருக்கு திருட?" என்கிறீர்கள். ஜெராக்ஸ் கடையில் குத்திய பென்டிரைவை அப்படியே நம் லேப்டாப்பிலும் குத்துகிறோம். விடுதியில் நூறு பேர் ஒரே வைஃபையில் இருக்கிறோம். அதே கணினியில் அப்பாவின் நெட்பேங்கிங், அக்காவின் ஆதார் நகல், இறுதியாண்டு ப்ராஜெக்ட். திருடப் போதுமானது இருக்கிறது. எக்ஸ்பியில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அர்த்தம், ஆனது நமக்குத் தெரியவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

அப்ப என்னதான் செய்யறது?

என் வரிசை இது. முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு:

1) உண்மையிலேயே தகுதியில்லையா என்று பாருங்கள். பல கணினிகளில் டிபிஎம் இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினியை "தகுதியில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஸ்விட்சைத்தான். இருந்தால் மாறிவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

2) மெதுவாக இருப்பதற்கும் பழைய இயங்குதளத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2018க்கு முன்னால் வாங்கிய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடினால் பெரும்பாலும் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ராமை 4இலிருந்து 8 ஜிபி ஆக்கினால் வேறு கணினி மாதிரி இருக்கும். ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள். 2025இன் கடைசியிலிருந்து ராம் விலை ஏறியது உண்மைதான், அப்படியும் புது லேப்டாப் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

3) தகுதியில்லையா? அவகாசம் வாங்குங்கள். விண்டோஸ் 10க்கு ஒரு வருடக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தம், 2026 அக்டோபர் 13 வரை தருவதாக 2025இல் அறிவித்தார்கள். விலை 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000, அல்லது உங்கள் அமைப்புகளை அவர்கள் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். செட்டிங்சில் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம். இது தீர்வு அல்ல, வாய்தா. ஆனால் செமஸ்டர் நடுவில் வாய்தாவும் நல்லதுதான்.

4) அந்த அவகாசத்தில் லினக்சை முயற்சி செய்யுங்கள். லினக்ஸ் மின்ட் 22க்கு 2 ஜிபி ராம் போதும், 4 இருந்தால் வசதி. ஆதரவு 2029 வரை. பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, தமிழ்99இல் தட்டச்சு வருகிறதா என்று ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும்.

லினக்ஸ் பக்தர்கள் கோபிக்கக் கூடாது, இது எல்லோருக்கும் பொருந்தாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஜிசிசி, பைத்தான், ஜாவா எல்லாம் அங்கேதான் சுகமாக ஓடும் (டர்போ சி கூட டாஸ்பாக்சில் ஓடும், அந்தக் கொடுமை இன்னும் தேவைப்பட்டால்). ஆனால் காமர்ஸ் படிப்பவருக்கு டேலி வேண்டும். சிவில், மெக்கானிக்கல் என்றால் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ். இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. நம் ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரும் லினக்சில் முரண்டு பிடிக்கும். போன ஒரு மாதத்தில் எந்தெந்த மென்பொருளைத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் முடிவு சொல்ல வேண்டும், கொள்கை அல்ல.

5) விண்டோஸ்தான் வேண்டும், பட்டியலிலும் இல்லை, அவகாசமும் முடிந்தது என்றால் ரூஃபஸ் போன்ற கருவிகளால் தடையைத் தாண்டி 11 போடலாம். 2021இல் இதற்கான ஒரு வழியை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் எழுதி வைத்திருந்தது. 2025 தொடக்கத்தில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. இப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வருடாந்தரப் பெரிய புதுப்பிப்பு தானாக வராது, கையால் போட வேண்டும். இது தெரிந்து செய்யுங்கள். கோர் 2 டுவோ காலத்துக் கணினி என்றால் இந்த வழியும் கிடையாது. 24எச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகளே அந்தச் சில்லில் இல்லை.

செய்யவே கூடாதது ஒன்று: தெருமுனையில் ஐந்நூறு ரூபாய்க்கு யாரோ "ஆக்டிவேட்" பண்ணிக் கொடுக்கும் திருட்டு விண்டோஸ் 11. ஆக்டிவேட்டர் ஓட வேண்டுமென்று ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும்போதே புரிய வேண்டாமா? திருத்தம் நின்ற விண்டோஸ் 10ஐவிட அது மோசம்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

கடைசியாக ஒன்று. அந்த ஒரு வருட அவகாசத்துக்கு நம் ஊரில் மூன்று வழி சொன்னேன் அல்லவா? ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. அங்கே காசும் வேண்டாம், சேமிப்பு நிபந்தனையும் வேண்டாம், கணக்கில் உள்நுழைந்தால் போதும் என்றது. அதே மென்பொருள், அதே திருத்தம். அங்கே கேட்டார்கள், கிடைத்தது. இங்கே நாம் கேட்கவில்லை, புது லேப்டாப்புக்குத் தவணை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

நமக்கும் கேட்ட வரலாறு இல்லாமல் இல்லை. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்சுக்கு மாறச் சொன்னது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் விண்டோசோடு பாஸ் லினக்சைப் போட்டுக் கொடுத்தார்கள். அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம் என்பது நம் மனசாட்சிக்கு விட்ட கேள்வி. ஆனால் மாற்று வழி ஒன்று கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற யோசனை சரியானது.

கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் போட்ட மதிப்பீட்டின்படி, இந்த ஒரு முடிவால் குப்பைக்குப் போகக்கூடிய கணினிகள் சுமார் 24 கோடி. அவற்றில் ஒன்று உங்கள் மேஜை மேல் இருக்கலாம். அதன் கீபோர்டு வேலை செய்கிறது, திரை வேலை செய்கிறது, தம்பி ஆன்லைன் வகுப்புக்கு உட்காருகிறான். அதைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் முன், மேலே சொன்ன தாளை எடுத்து ஒரு மாத மென்பொருள் பட்டியலை எழுதுங்கள். எழுதிய பிறகும் புதுசு வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். அது உங்கள் முடிவு.

திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அது அவர்கள் முடிவு.